“ஒண்ணுமில்ல, விடுங்க”: கேட்காத காதும் வீட்டுச் சண்டையும்

“ஐயா, எப்ப இருந்து காது மந்தமா இருக்கு?” என்று பெரியவரைப் பார்த்துத்தான் கேட்டேன். பதில் வந்தது பக்கத்தில் நின்ற மகனிடமிருந்து.

“ஒரு அஞ்சாறு வருஷமா இருக்கு மேடம். ஆனா அவருக்கு வேணுங்கறது மட்டும் நல்லாக் கேக்கும். நாம ஒரு வேலை சொன்னா கேக்காது.”

நான் நாற்காலியைப் பெரியவருக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டு, முகத்தைப் பார்த்து அதே கேள்வியை நிதானமாகக் கேட்டேன். அவருக்குக் கோபம். “எனக்கென்னம்மா, நல்லாத்தான் கேக்குது. இவன்தான் வாய்க்குள்ளயே முனகுறான். இந்தக் காலத்துப் பயலுக எவன் வாயத் தொறந்து பேசுறான்?”

மதுரையில் 18 ஆண்டுகளாகக் கேட்பியல் வல்லுநராக வேலை பார்க்கிறேன். இந்த இரண்டு குற்றச்சாட்டுகளையும் நான் கேட்காத வாரம் கிடையாது. ‘பெருசு வேணும்னே காதுல வாங்காம இருக்கு’ என்பது ஒரு பக்கம். ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மரியாதையும் இல்ல, ஒழுங்காப் பேசவும் தெரியல’ என்பது மறுபக்கம். தலைமுறை இடைவெளி என்று இதற்குப் பெயர் வைத்து, தீராத வியாதியாக ஏற்றுக்கொண்ட குடும்பங்கள் ஏராளம். அவற்றில் பல வீடுகளில் நடந்திருப்பது ஒன்றுதான்: ஒரு காது பழுதாகியிருக்கிறது, யாரும் அதைப் பரிசோதிக்கவில்லை. எல்லாச் சண்டைக்கும் காதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. காதைச் சோதிக்காமல் குணத்தைத் தீர்ப்பு சொல்லாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

அந்தப் பெரியவருக்கு வயது 72. விருதுநகர் பக்கம் ஒரு நூற்பாலையில் 31 ஆண்டுகள் ஸ்பின்னிங் பிரிவில் வேலை பார்த்தவர். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபலுக்கு (சத்தத்தை அளக்கும் அலகு) மேல் சத்தம் இருக்கக் கூடாது என்று நம் தொழிற்சாலை விதிகள் சொல்கின்றன. ஆனால் அவருடைய காலத்தில் பாதுகாப்பு என்றால் கழிவுப் பஞ்சை உருட்டிக் காதில் அடைத்துக்கொள்வதுதான். பஞ்சு ஆலைச் சத்தத்தைப் பெரிதாகத் தடுக்காது.

உள்காதில் நத்தைக்கூடு போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000 நுண்மயிர் செல்கள். வாசல் பக்கம் இருப்பவை கீச்சென்ற உயர்ந்த ஒலிகளையும் உள்ளே தள்ளி இருப்பவை கனத்த ஒலிகளையும் வாங்குகின்றன. வயதாலும் சத்தத்தாலும் முதலில் தேய்வது வாசல் பக்கத்துச் செல்கள். தேய்ந்தது மறுபடி முளைப்பதில்லை.

அவருடைய ஆடியோகிராமை, அதாவது எந்த ஒலி எவ்வளவு சத்தத்தில் கேட்கத் தொடங்குகிறது என்று காட்டும் வரைபடத்தை, திரையில் மகனுக்குக் காட்டினேன். 500 ஹெர்ட்ஸில், அதாவது கனத்த ஒலியில், 25 டெசிபலிலேயே கேட்டுவிடுகிறது, கிட்டத்தட்ட இயல்பான அளவு. அங்கிருந்து கோடு மெல்லச் சரிந்து, 4000 ஹெர்ட்ஸில், அதாவது கீச்சென்ற ஒலியில், 70 டெசிபலுக்கு இறங்கிவிடுகிறது; அவ்வளவு சத்தமாக ஒலித்தால்தான் அது அவருக்குக் கேட்கும். படத்தில் ஒரு குன்றின் சரிவு மாதிரி இருக்கும்.

இந்தச் சரிவு வீட்டுக்குள் என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் கோபம் அடங்கும். நம் பேச்சில் அ, ஆ, ஒ, ஓ போன்ற உயிர் ஒலிகள் கனமானவை, சத்தமானவை. அவை அவருக்குக் கேட்கின்றன. ச, ஸ, த, ட, க, ப போன்ற ஒலிகள் மெலிந்தவை. அவற்றின் அடையாளம் பெரும்பாலும் உயர்ந்த ஒலிகளில் இருக்கிறது. அவை விழுந்துவிடுகின்றன. கடை, சடை, படை, தடை நான்கும் அவருக்கு ஒன்றுபோல ‘அடை’ என்று விழும். அதனால்தான் காது கேளாதவர்கள் என்னிடம் வந்து, “சத்தம் கேக்குது, வார்த்தைதான் புரியல” என்கிறார்கள். ‘முனகுறாங்க’ என்று அவர் சொன்னது பொய்யே இல்லை. அவருடைய காதுக்கு உலகமே முனகிக்கொண்டுதான் இருக்கிறது.

‘வேணுங்கறது மட்டும் கேக்குது’ என்று மகன் சொன்னதும் பொய்யில்லை. அமைதியான அறையில், நேருக்கு நேர், தெரிந்த விஷயத்தைப் பேசினால் விழுந்த எழுத்துகளை மூளை ஊகித்து நிரப்பிக்கொள்ளும். உதட்டசைவும் கைகொடுக்கும். அடுப்படியில் மிக்ஸி ஓடும்போது, முதுகைக் காட்டிக்கொண்டு, புதிதாக ஒரு விஷயத்தைச் சொன்னால் ஊகிக்க ஒன்றுமே கிடைக்காது. அதே மனிதர்தான், காலையில் கேட்டவருக்கு மாலையில் கேட்கவில்லை. பார்ப்பவர்களுக்கு நடிப்பு மாதிரி தெரிகிறது. நாள் முழுக்க ஊகித்து ஊகித்துச் சாயங்காலம் அவர் களைத்துப்போய்விடுகிறார் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

இதில் மிகவும் வேதனையான ஒன்று உண்டு. பெண் குரலும் குழந்தைக் குரலும் பொதுவாக உயர்ந்த சுருதி. சரிவு உள்ள காதுக்கு மகனின் குரல் ஓரளவு பிடிபடும், மருமகளின் குரலும் பேத்தியின் குரலும் நழுவும். “மகன் சொன்னா ஒரே கூப்பாட்டுல திரும்புறாங்க, நான் பத்துத் தடவை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேங்கறாங்க, என்னைய மதிக்கல மேடம்” என்று என் அறையில் அழுத மருமகள்களை எண்ண முடியாது. அவர்கள் மாமியாருக்கோ மாமனாருக்கோ மனசில் அப்படி ஒன்றுமே இருந்திருக்காது. ஆனாலும் பத்து வருஷத்து வருத்தம் அது.

நான் குடும்பத்தாருக்கு ஒரு ஒலிப்பதிவு போட்டுக் காட்டுவேன். ‘சாவிய சட்டைப் பையில வச்சிருக்கேன்’ என்ற ஒரே வாக்கியம், உயர்ந்த ஒலிகளை வடிகட்டி எடுத்தது. நூற்பாலைப் பெரியவரின் மருமகளுக்கு ஹெட்போனை மாட்டி அதைக் கேட்கவைத்தேன். மூன்று தடவை கேட்டார். “பக்கத்து வீட்டுல யாரோ கதவச் சாத்திக்கிட்டுப் பேசுற மாதிரி இருக்கு” என்றார். பிறகு மாமனாரைத் திரும்பிப் பார்த்தார். எதுவும் பேசவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். “சத்தமாப் பேசு” என்பார் பெரியவர். சத்தமாகப் பேசினால் “ஏன் கத்துற?” என்பார். திமிர் என்று வீட்டில் நினைப்பார்கள். பழுதான உள்காதில், கேட்கத் தொடங்கும் அளவுக்கும் பொறுக்க முடியாத அளவுக்கும் நடுவே உள்ள இடம் குறுகிவிடுகிறது. மெதுவாகப் பேசினால் கேட்காது, கொஞ்சம் கூட்டினால் காது வலிக்கும். அவர் சொல்லும் இரண்டுமே உண்மை.

‘வயசானா அப்படித்தான்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர், 1969-இல், வயதை வைத்து மனிதரை ஒதுக்குவதற்கு ‘ஏஜிஸம்’ என்று பெயர் சூட்டினார். நாம் வயதுப் பாகுபாடு என்று சொல்லலாம். 2021 மார்ச் மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் இரண்டு அறிக்கைகளை வெளியிட்டது. ஒன்று செவித்திறன் பற்றியது. 60 வயதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல், அன்றாட வாழ்க்கையை முடக்கும் அளவுக்குச் செவித்திறன் குறைவு இருக்கிறது என்றது அது. மற்றொன்று வயதுப் பாகுபாடு பற்றியது. உலகில் இருவரில் ஒருவர் முதியவர்கள் மீது பாகுபாடான எண்ணம் கொண்டிருக்கிறார் என்றது. என் அறையில் இந்த இரண்டும் ஒரே நாற்காலியில் வந்து உட்காருகின்றன.

66 வயது அம்மா ஒருவர். ஒரு நாள் காலையில் எழுந்தபோது இடது காது முழுதாக அடைத்துப்போயிருந்தது, உள்ளே ‘ஙொய்’ என்று இரைச்சல். வீட்டில், “வயசாகுதுல்ல, அப்படித்தான் இருக்கும்” என்றார்கள். இரண்டு வாரம் கழித்து ஓர் இடத்தில் காட்டியபோது அங்கும் காதுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அதையே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். என்னிடம் வந்தது நான்கு மாதம் கழித்து. திடீரென்று ஏற்படும் செவித்திறன் இழப்பு ஒரு மருத்துவ அவசரம். முதல் சில நாட்களுக்குள் காது-மூக்கு-தொண்டை மருத்துவர் ஸ்டீராய்டு சிகிச்சை தொடங்கினால் பலருக்குக் கேட்கும் திறன் கணிசமாகத் திரும்புகிறது. நாள் போகப் போக அந்த வாய்ப்பு மங்கிவிடும். ஒரே இரவில் யாருக்கும் வயதாகிவிடாது. அதே காது ஒரு 30 வயதுக்காரருக்கு அடைத்திருந்தால் அன்றைக்கே ஆட்டோ பிடித்து ஓடியிருப்பார்கள். அந்த அம்மாவின் முகம் எனக்கு இன்றும் மறக்கவில்லை.

அதனால் இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்: திடீரென்று கேட்காமல் போனாலோ, ஒரு காது மட்டும் குறைந்தாலோ, தலைசுற்றலோ சீழோ வலியோ கூட இருந்தாலோ வயதைக் காரணம் சொல்லிக் காத்திருக்காதீர்கள். சில பேருக்குப் பிரச்சினை வெறும் குறும்பியாகவே இருக்கும். மருத்துவர் எடுத்துவிட்டால் அன்றைக்கே கேட்கும்.

மறதி என்று அழைத்து வரப்படும் பெரியவர்களும் உண்டு. “அப்பத்தாவுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல, கேட்டதுக்குச் சம்பந்தமில்லாமப் பதில் சொல்றாங்க” என்று ஒரு பேத்தி அழைத்து வந்தாள். அவரிடம் ஏற்கெனவே ஞாபகசக்திக் கேள்விகள் கேட்டு மதிப்பெண்ணும் போட்டிருந்தார்கள். கேள்வி காதில் விழுந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. கையடக்க ஒலிபெருக்கியின் ஹெட்போனை அவர் காதில் வைத்து, “இன்னிக்கு என்ன கிழமை அப்பத்தா?” என்றேன். “செவ்வாக்கிழமை. காலையில மாரியம்மன் கோயிலுக்குப் போயிட்டுத்தான் வந்தோம்” என்றார். அவருக்குக் கொஞ்சம் மறதி இருக்கத்தான் செய்கிறது. வீட்டார் பயந்த அளவுக்கு இல்லை.

காதுக்கும் மறதிக்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கிறது. டிமென்ஷியா எனும் மறதி நோய் பற்றி லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024-இல் பட்டியலிட்ட, நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களில் செவித்திறன் குறைவு முதலிடத்தைப் பகிர்ந்துகொள்கிறது. 2023-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 70 முதல் 84 வயது வரையுள்ள 977 பேரை 3 ஆண்டுகள் கவனித்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் காது மிஷினால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஏற்கெனவே மறதிக்கான ஆபத்து அதிகமாக இருந்த பிரிவினரில் மட்டும், அறிவுத்திறன் சரிவது 48 சதவீதம் மெதுவானது. மிஷின் மாட்டினால் மறதியே வராது என்று விளம்பரம் செய்பவர்களை நம்ப வேண்டாம். ஆனால் காதை அப்படியே விட்டுவைப்பதும் நல்லதல்ல.

வயதுப் பாகுபாடு என்றதும் இளையவர்களை மட்டும் கைகாட்டக் கூடாது. பெரியவர்கள் தங்களையே அப்படி நடத்திக்கொள்வதுதான் என் வேலையில் எனக்குப் பெரிய தடை. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், 68 வயது. 40 வயதிலிருந்து கண்ணாடி போடுகிறார். காது மிஷினை எடுத்துக் காட்டியதும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். “இதை மாட்டிக்கிட்டா நான் கிழவி ஆயிட்டேன்னு ஊருக்கே சொன்ன மாதிரி ஆயிரும்மா.” மிஷின் இல்லாமல் கல்யாண வீட்டில் எல்லாவற்றுக்கும் சிரித்துத் தலையாட்டிக்கொண்டு, இழவுச் செய்தி சொன்னவரிடமும் சிரித்துவிட்டு வந்து, அதன்பிறகு எங்கேயும் போவதையே நிறுத்திவிட்டார் என்று கணவர் சொன்னார். யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லெவி குழு 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 70 வயதைத் தாண்டிய 500-க்கும் மேற்பட்டவர்களை 3 ஆண்டுகள் கழித்து மறுபடி சோதித்தபோது, முதுமையைப் பற்றித் தாழ்வான எண்ணம் கொண்டவர்களின் செவித்திறன் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குறைந்திருந்தது. செவிடு என்ற சொல்லையே நாம் வசவாக வைத்திருக்கிறோம். அதைக் கேட்டு வளர்ந்தவர் அந்தப் பெயர் தன்மேல் ஒட்டிவிடக் கூடாது என்று பயப்படுவதில் என்ன ஆச்சரியம்?

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். “இந்த வயசுக்கு மேல இவ்வளவு செலவு எதுக்கு மேடம், இன்னும் எத்தனை வருஷம்” என்று சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. பல வீடுகளில் நிஜமாகவே பணம் இருக்காது. ஆனால் அதைப் பெரியவரை உட்கார வைத்துக்கொண்டே, கேட்காது என்ற தைரியத்தில் சொல்கிறார்கள். காது கேளாதவர்கள் முகத்தைப் படிப்பதில் கெட்டிக்காரர்கள். “வேணாம்யா, எனக்கு இதெல்லாம் எதுக்கு” என்று அவரே எழுந்துவிடுவார். தயவுசெய்து அந்தப் பேச்சை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். மிஷின் சில ஆயிரங்களில் தொடங்கி லட்சங்களைத் தாண்டியும் போகிறது. விலை கூடியதுதான் நல்லது என்று ஒன்றுமில்லை. வறுமைக்கோட்டுக்குக் கீழே அல்லது மாத வருமானம் 15,000 ரூபாய்க்குள் இருக்கும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு, ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா என்ற மத்திய அரசுத் திட்டத்தில் காது மிஷின் இலவசமாகக் கிடைக்கிறது. 2017-இல் தொடங்கிய திட்டம், முகாம்கள் வழியாக நடக்கிறது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இரண்டு காதிலும் குறைந்தது 60 டெசிபல் இழப்பு இருக்க வேண்டும் என்பதால் பெரியவர்கள் பலர் அதற்குள் வர மாட்டார்கள். ‘அட்டை இல்ல, நமக்கு ஒண்ணும் கிடைக்காது’ என்று விட்டுவிட வேண்டாம், கேட்டுப் பாருங்கள்.

வாங்குவதற்கு முன் ஆடியோகிராம் கட்டாயம். ஆர்.சி.ஐ. எனும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு பெற்ற கேட்பியல் வல்லுநரிடம் பாருங்கள். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் பெருக்கிகள் எல்லாச் சத்தத்தையும் ஒரேயடியாகக் கூட்டும். சரிவு உள்ள காதுக்கு அது உதவாது, கெடுதலும் செய்யலாம். மாட்டிய முதல் வாரம் ஃபேன் சத்தமும் தட்டு வைக்கும் சத்தமும் மண்டையில் அடிக்கும். வருஷக்கணக்காகக் கேட்காத ஒலிகளுக்கு மூளை மறுபடி பழக நாலைந்து வாரமாவது வேண்டும். இந்தக் கட்டத்தில்தான் மிஷின் பீரோவுக்குள் போகிறது. அப்போது, “அவ்வளவு காசு போட்டு வாங்கிக் கொடுத்தா மாட்ட மாட்டேங்கறார்” என்று அடுத்த சண்டை தொடங்கும். சத்தத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்ய இரண்டு மூன்று தடவையாவது அழைத்து வர வேண்டும்.

மிஷின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பேசும் முறை மாறாமல் எதுவும் மாறாது. முதலில் பெயரையோ உறவையோ சொல்லிக் கூப்பிடுங்கள், அவர் திரும்பிப் பார்த்த பிறகு விஷயத்தைச் சொல்லுங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும். டி.வி.யை அணைத்துவிட்டுப் பேசுங்கள். ஒரு சொல் புரியவில்லை என்றால் அதையே கத்தாமல் வேறு சொல்லில் சொல்லுங்கள். ‘சாவி’ விழவில்லையா? ‘வண்டிச் சாவி, மேசை மேல’ என்று சேர்த்துச் சொன்னால் பிடித்துக்கொள்வார்.

எல்லாவற்றையும்விட, சாப்பிடும்போது எல்லோரும் சிரிக்க, “என்னப்பா?” என்று அவர் கேட்டால், “ஒண்ணுமில்ல, விடுங்க” என்று சொல்லாதீர்கள். எது உங்களுக்கு ரொம்ப வலிக்கிறது என்று எத்தனையோ பெரியவர்களிடம் கேட்டிருக்கிறேன். திட்டியதைச் சொன்னவர்கள் குறைவு. இந்த இரண்டு சொற்களைச் சொன்னவர்கள்தான் அதிகம்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. கேட்காதபோது கேட்ட மாதிரி தலையாட்டாதீர்கள். பிள்ளைகள் அதைத்தான் நடிப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். “எனக்கு அந்தக் கடைசி வார்த்தை விழல, இன்னொரு தடவை சொல்லு” என்று கேட்பதில் ஒரு குறையும் இல்லை. பிள்ளைகள் முனகுகிறார்கள் என்று முடிவு கட்டுவதற்கு முன், ஒரு தடவை வந்து காதைச் சோதித்துப் பாருங்கள்.

நூற்பாலைப் பெரியவருடன் வந்த 19 வயதுப் பேரன், காத்திருந்த நேரம் முழுக்கக் காதில் இயர்பட்ஸ் வைத்திருந்தான். தாத்தாவின் சோதனை முடிந்ததும் தனக்கும் பார்க்கச் சொன்னான். இயல்பான காதுதான். ஆனால் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டு காதிலும் ஒரு சின்னப் பள்ளம். தாத்தாவுக்கும் ஒரு காலத்தில் அங்கேதான் தொடங்கியிருக்கும். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். 12 முதல் 35 வயது வரையுள்ளவர்களில் 100 கோடிக்கும் மேற்பட்டோர், சத்தமாகக் கேட்டுப் பழகுவதால் செவித்திறனை இழக்கும் ஆபத்தில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவன் இயர்பட்ஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

ஆறு வாரம் கழித்து மறுபடி வந்தார்கள். இரண்டு காதிலும் மிஷின் இருந்தது. பேட்டரி மாற்றுவது பேரன் பொறுப்பாம். நிலம் விற்கிற விஷயத்தில் அப்பாவுக்கும் மகனுக்கும் இன்னும் ஒத்துவரவில்லை என்று வரவேற்பறையிலேயே தெரிந்தது, இருவரும் தெளிவாகத்தான் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே வந்து உட்கார்ந்ததும் கேட்டேன். “எப்படி இருக்குங்கய்யா, ஏதாவது வித்தியாசம் தெரியுதா?”

மகன் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு அப்பாவைப் பார்த்தார்.

“பேத்தி கொலுசு போட்டிருக்காம்மா,” என்றார் பெரியவர். “ரெண்டு வருஷமாப் போட்டிருக்காளாம்.”